கோயில் ஊருணியில் நான் கண்டுபிடித்த மீன்

நன்றாகப் படிக்கிற பையன் என்று ஊருக்குள் பெயர் எடுப்பதைப்போல ஆபத்தான காரியம் வேறில்லை. அந்தப் பெயர் வந்த நிமிஷத்திலிருந்து உங்களிடம் யாரும் எதையும் சொல்ல மாட்டார்கள். ‘அவனுக்குத் தெரியாததா?’ என்று விட்டுவிடுவார்கள். சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கடைவீதியில் நடந்தால்கூட, படித்த பிள்ளை, ஏதோ காரணமாகத்தான் போட்டிருக்கும் என்று ஒதுங்கி வழிவிடுவார்கள். எனக்கு அந்தப் பெயர் பள்ளிக்கூடத்திலேயே வந்துவிட்டது. அதன் பலனை அறுபதுகளின் கடைசியில், ஒரு தை மாதத்து முற்பகலில், மொத்தமாக அனுபவித்தேன்.

இன்றைக்கு என்னை விலங்கு மரபியல்காரர், பரிணாம ஆராய்ச்சியாளர், சுற்றுச்சூழல் நிபுணர் என்றெல்லாம் சொல்லி மேடையில் பொன்னாடை போர்த்துகிறார்கள். போர்த்துகிறவர்களுக்கு என் முதல் கண்டுபிடிப்பைப் பற்றித் தெரியாது. தெரிந்தால் பொன்னாடையைத் திருப்பிக் கேட்பார்கள்.

அப்பாவுக்குப் புதுவயலில் அரிசி மில். எங்கள் ஊர் காரைக்குடிக்கும் புதுவயலுக்கும் நடுவில், பஸ் நின்றாலும் நிற்கும், நிற்காவிட்டாலும் கேட்க முடியாது என்ற அளவில் ஓர் ஊர். எனக்கு மில் ஆகாது. உமித் தூசி மூக்கில் ஏறினால் தும்மல் ஆரம்பித்து, கணக்குப்பிள்ளை ஓடிவந்து தண்ணீர் கொடுத்து, லாரிக்காரர்கள் வேடிக்கை பார்த்து முடிகிற வரை நிற்காது. நெல் அவிக்கிற வாசம், பெல்ட் ஓடுகிற இரைச்சல், எல்லார் தலையிலும் படிந்திருக்கும் தவிடு, இவற்றுக்கு நடுவே என் ஆயுள் கழிந்துவிடுமோ என்ற பயத்தில்தான் நான் விழுந்து விழுந்து படித்தேன். (அறிவுத் தாகம் என்று பிற்காலத்தில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறேன். அது தும்மல்.)

விலங்கியலில் எம்.எஸ்ஸி. முடித்ததும் சென்னையில் ஒரு பேராசிரியரிடம் ஆராய்ச்சி மாணவனாகச் சேர ஆசைப்பட்டேன். அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். “மார்க்கெல்லாம் எனக்கு வேண்டாம்ப்பா. சொந்தமா ஒரு கேள்வியைக் கண்டுபிடிச்சுக்கிட்டு வா. அது நல்ல கேள்வியா இருந்தா சேத்துக்கறேன்.” அப்பாவும் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். “தை முடியிற வரைக்கும் பாப்பேன். அந்த மெட்ராஸ் சார் உன்னையச் சேத்துக்கிட்டா போயிக்க. இல்லேன்னா மாசி பொறந்ததும் மில்லுச் சாவி உன் இடுப்புல இருக்கணும்.”

ஆக, கேள்வி கிடைத்தால் சென்னை. கிடைக்காவிட்டால் தவிடு. அப்பா தை முடிவதற்காகத்தான் காத்திருக்கிறார் என்று நான் உறுதியாக நம்பினேன். சாப்பிடும்போதெல்லாம் “கேள்வி கெடைச்சிருச்சா?” என்று கேட்பார். அந்தக் குரலில் எனக்குச் சாவிக்கொத்தின் சத்தம் கேட்கும்.

கேள்வி எனக்குக் கோயில் ஊருணியில் கிடைத்தது.

எங்கள் ஊரில் மூன்று ஊருணிகள். சிவன் கோயிலுக்கு எதிரே கோயில் ஊருணி, வடக்குத் தெருவில் வடக்கூருணி, ஊர் எல்லையில் புளியடி ஊருணி. மூன்றும் குடிதண்ணீர் ஊருணிகள். கால் வைக்கக் கூடாது, வாய் கொப்பளிக்கக் கூடாது, செருப்போடு கரையில் ஏறினாலே காவல்காரர் கம்பால் தரையைத் தட்டுவார். படியில் குனிந்து, குடத்தை அமிழ்த்தி எடுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும். ஐப்பசி மழையில் நிரம்பினால் அடுத்த ஐப்பசி வரை ஒவ்வொன்றும் தனித்தனி உலகம். வடக்குத் தெருக்காரர்கள் தங்கள் தண்ணீர்தான் இனிக்கும் என்பார்கள். கோயில் தெருக்காரர்கள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள்.

ஒருநாள் கோயில் ஊருணிப் படியில் உட்கார்ந்து எதிர்காலத்தை நினைத்துத் தும்மிக்கொண்டிருந்தபோது தண்ணீருக்குள் சிறு சிறு நிறங்கள் ஓடின. விரல் நுனி அளவு மீன்கள். விசிறி போன்ற வால். வாலில் மயில்கழுத்துப் பச்சை, விலாவில் குங்குமப் புள்ளி, ஒன்றைப்போல இன்னொன்று இல்லை. எங்கள் ஊருணிகளில் பொடிமீன்தான் உண்டு. நெற்றியில் வெள்ளிப் பொட்டு வைத்த, மற்றபடி சோகமான சாம்பல் மீன். இது அதன் சாதியே இல்லை.

அம்மாவிடம் ஓடிப்போய், “கோயில் ஊருணியில் கலர் மீன் எப்போதிலிருந்து இருக்கிறது?” என்று கேட்டேன்.

“நான் தண்ணி எடுக்கப் போறேனா, மீனு பாக்கப் போறேனா?” என்றாள்.

காவல்காரரைக் கேட்டேன். “படிச்ச புள்ள நீ கேக்குற. எனக்கென்ன தெரியும்?” என்று பணிவாகக் கும்பிட்டார். அத்தோடு விசாரணை முடிந்தது. அறிவியலில் வாய்மொழிச் சாட்சிக்கு மதிப்பில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு மற்ற இரண்டு ஊருணிகளுக்கும் போய்ப் பார்த்தேன். இரண்டிலும் வெறும் பொடிமீன். கலர் மீன் மருந்துக்குக்கூட இல்லை.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தாடிக்காரப் பெரியவர் ஒருவர் கப்பலேறி, உலகத்தின் மறுகோடியில் தீவு தீவாகப் போய், தீவுக்குத் தீவு குருவியின் அலகு மாறுவதைப் பார்த்துப் பரிணாமத்தைக் கண்டுபிடித்தார். தண்ணீர் நடுவே நிலம் இருந்தால் தீவு. நிலத்தின் நடுவே தண்ணீர் இருந்தால் ஊருணி. தலைகீழாகப் போட்டால் சரியாகப் போயிற்று! பொடிமீன் ஒன்று, கோயில் ஊருணியில் மட்டும் தனியாக அடைபட்டு, புதிய இனமாக மாறிக்கொண்டிருக்கிறது. அந்தப் பெரியவர் கப்பலில் போனதை நான் சைக்கிளில் முடித்துவிட்டேன்.

நீங்கள் கேட்பது புரிகிறது. எம்.எஸ்ஸி. படித்தவனுக்கு அது என்ன மீன் என்று தெரியாதா? தெரியாது. எங்கள் கல்லூரியில் மீன் என்றால் ஜாடிக்குள் பார்மலினில் வெளுத்துக் கிடக்கும். அயிரையும் சுறாவும் ஒரே வெள்ளை. அலங்கார மீன்களுக்கென்று புத்தகத்தில் ஓர் அத்தியாயம் இருந்தது. அது பரீட்சைக்கு வராது என்று சீனியர் ஒருவர் சொன்னார். வரவும் இல்லை.

ஆராய்ச்சியை ஆரம்பித்தேன். ஊருணிக்குள் இறங்க முடியாது, வலை வீச முடியாது. எனவே அம்மா முறுக்கு மாவு சலிக்கிற சல்லடையை ஒரு மூங்கில் கம்பில் கட்டி, படியில் நின்றபடி தண்ணீரைச் சலித்தேன். தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள். “ஏம்ப்பா, எம்மெஸ்ஸி படிச்சா இதுதேன் வேலையா?” என்று ஒருத்தி உண்மையான அக்கறையோடு கேட்டாள். அந்த வருஷம் எங்கள் வீட்டில் முறுக்கு இல்லை. அந்தச் சல்லடையில் இனிமேல் மாவு சலிப்பதைவிடக் கட்டையில் போவது மேல் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

சலிக்கச் சலிக்கக் குழப்பம் கூடியது. கோயில் ஊருணியில் மூன்று விதமான மீன்கள் வந்தன. நெற்றிப் பொட்டுப் பொடிமீன் முதல் விதம். பொட்டும் இல்லாமல் நிறமும் இல்லாமல் வயிறு மட்டும் உப்பிய சாம்பல் மீன் இரண்டாவது. கலர் மீன் மூன்றாவது. நான் கைதட்டிக்கொண்டு, இரண்டாவதுதான் இடைநிலை வடிவம் என்று முடிவு கட்டினேன். பொடிமீன் முதலில் பொட்டை அழிக்கிறது, பிறகு வண்ணம் பூசிக்கொள்கிறது. உலகமே தேடிக்கொண்டிருக்கும் இடைநிலை வடிவம், எங்கள் ஊரில் குடத்துக்குள் வந்து விழுகிறது!

அறுத்துப் பார்த்தேன். கலர் மீன் அத்தனையும் ஆண். இடைநிலை அத்தனையும் பெண். எனக்குத் தலை சுற்றியது. ஓர் இனம் முழுக்க ஆண், இன்னோர் இனம் முழுக்கப் பெண் என்றால் இவை எப்படிக் குடும்பம் நடத்துகின்றன? மூன்றாம் வகுப்புப் படிக்கிற குழந்தைகூட ‘அது புருஷன், இது பெண்டாட்டி’ என்று சொல்லியிருக்கும். நானோ, பரிணாமத்தில் ஆண்கள் முன்னே ஓடுகிறார்கள், பெண்கள் பின்தங்கிவிட்டார்கள் என்று ஒரு கோட்பாடே எழுதினேன். எங்கள் கொல்லையில் கொண்டை வைத்த சேவலும் கொண்டையில்லாத கோழியும் என் கண்ணெதிரே மேய்ந்துகொண்டிருந்தன. கோழி சேவலாகப் பரிணமித்துக்கொண்டிருக்கிறது என்று நான் எழுதாமல் விட்டது ஏனென்று இன்றுவரை புரியவில்லை.

இதற்கு மேல் ஒரு குழப்பம். கண்ணாடி பாட்டிலில் ஓர் இடைநிலையைப் போட்டு வைத்திருந்தேன். காலையில் பார்த்தால் பாட்டிலுக்குள் கடுகளவு மீன்கள் ஓடுகின்றன. முட்டையே காணோம். பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மறுபடியும் சில வாரம் கழித்து அதே கதை. மீன் குட்டி போடுகிறது! பொடிமீன் முட்டையிடுகிறது, அதன் வாரிசு குட்டி போடுகிறது. இப்படியே விட்டால் அடுத்த சித்திரைக்குள் பால் கொடுக்க ஆரம்பித்துவிடும் என்று எனக்குப் பயமாகவே இருந்தது.

எல்லாவற்றையும் பேராசிரியருக்கு விரிவாக எழுதிப் போட்டேன். அவரிடமிருந்து கார்டு வந்தது. பிள்ளையார்பட்டியில் ஒரு வேண்டுதல் பாக்கி இருக்கிறது, தை மாதம் வருகிறேன், அப்படியே உன் மீன்களையும் பார்த்துவிடுகிறேன் என்று. அன்றைக்கு அம்மா பாயசம் வைத்தாள். அப்பா மட்டும், “மெட்ராஸ்லருந்து வாராகளா? இங்கிட்டேவா?” என்று கேட்டுவிட்டு யோசனையில் ஆழ்ந்தார். சாவி கை நழுவுகிற வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு உள்ளூர அற்பமான ஒரு குஷிகூட.

அந்த நாள் வந்தது. காலை பத்து மணி வாக்கில் வாடகைக் கார் வந்து நின்றது. பேராசிரியர் நெற்றி நிறைய விபூதியோடும் கையில் மோதகப் பொட்டலத்தோடும் இறங்கினார். தரிசனம் முடித்த களைப்பில் அவர் மனைவி எங்கள் வீட்டில் அம்மாவோடு தங்கிவிட்டார். அப்பா ஜரிகை வேட்டியில் இளநீரோடு நின்றார். ஊரில் பாதி கூடிவிட்டது. மீன் பார்க்க மெட்ராஸிலிருந்து கார் போட்டு ஆள் வந்தால் யார்தான் வேலைக்குப் போவார்கள்?

நான் நாடகத்தைச் சரியாகத் திட்டமிட்டிருந்தேன். “முதலில் வடக்கூருணி, சார். அங்கே பழைய வடிவம் மட்டும்தான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டுக் கோயில் ஊருணிக்குப் போனால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்” என்றேன்.

வடக்கூருணிப் படியில் நின்று, சட்டைக் கையை மடித்து, சல்லடையை இறக்கித் தூக்கினேன். சல்லடையில் மயில்கழுத்துப் பச்சையும் குங்குமமும் துள்ளின.

பேராசிரியர் மோதகத்தை மென்றபடி குனிந்து பார்த்தார். “பழைய வடிவம் நல்லாக் கலராத்தான் இருக்கு” என்றார்.

“தவறி ஒன்றிரண்டு வந்திருக்கும், சார்” என்று மறுபடி இறக்கினேன். முன்பைவிடக் கூடுதலாக வந்தன. இடைநிலைகள் வேறு. ஊருணி மாறி வந்துவிட்டேனா என்று சுற்றிலும் பார்த்தேன். வடக்கூருணிதான். கரையில் நின்ற வடக்குத் தெருக்காரர்கள் பூரித்துப் போனார்கள்.

“பாத்தியா, எங்க ஊருணிக்கும் வந்திருச்சுல்ல! கோயில் தெருக்காரக மட்டுந்தேன் வச்சிருக்கணுமாக்கும்?” என்றார் ஒருவர்.

அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகம் முழுக்கச் சிரிப்பு. பல் தெரிய, இளநீரைப் பிடித்தபடி, கல்யாண வீட்டுக்காரர் மாதிரி நின்றார். பெற்ற மகன் ஊர் நடுவே கவிழ்கிறான், அதில் இப்படி ஒரு சந்தோஷமா என்று நினைத்தேன்.

“இது எப்படி இங்கே வந்தது?” என்று கேட்டார் பேராசிரியர்.

“கொக்கு, சார். கோயில் ஊருணியில் நின்ற கொக்கு காலில் முட்டை ஒட்டிக்கொண்டு இங்கே வந்திருக்கும்.”

“நீதானே எழுதியிருந்தே, இது முட்டையே போடாதுன்னு?”

“அப்படியானால்… குட்டி ஒட்டிக்கொண்டு வந்திருக்கும், சார்.”

அவர் இன்னொரு மோதகத்தை எடுத்துக்கொண்டார்.

எனக்கு இன்னும் புளியடி ஊருணி இருந்தது. அது ஊர்க் கோடியில் இருக்கிறது, அங்கே தெருப் போட்டி கிடையாது, கொக்குகூட அவ்வளவாக வராது. அது என்னைக் காப்பாற்றும் என்று நம்பி முன்னால் நடந்தேன். பின்னால் பேராசிரியர், அப்பா, ஊர். வழியெல்லாம் பிள்ளையார்பட்டி இருக்கிற திசை பார்த்து வேண்டிக்கொண்டு போனேன். சல்லடையைத் தூக்கினேன். கலர் மீன். பிள்ளையார் அன்றைக்குப் பேராசிரியர் கட்சி.

அந்த நிமிஷத்தில் ஓர் அறிவாளி வாயை மூடிக்கொண்டிருப்பான். எனக்கோ புதிய கோட்பாடு ஒன்று உதித்தது. “சார், புரிந்துவிட்டது! மூன்றும் ஒரே மண், ஒரே மழை, ஒரே வெயில். அதனால் மூன்று ஊருணியிலும் பொடிமீன் தனித்தனியாக, ஆனால் ஒரே திசையில் பரிணாமம் அடைந்திருக்கிறது.”

“எப்போலேருந்து?”

“போன வாரம் நான் பார்த்தபோது இல்லை, சார்.”

“அப்போ ஒரு வாரத்துல பரிணாமம்.”

“அப்படித்தான் சார் தோன்றுகிறது.”

சொல்லும்போதே எனக்குக் கேட்டது, நான் என்ன சொல்கிறேன் என்று. ஆனால் வண்டி பள்ளத்தில் இறங்கிவிட்டது, இனி பிரேக் பிடித்து என்ன ஆகப் போகிறது? கையில் சல்லடையோடு, ஒன்றுமே விளங்காமல், வேர்த்து விறுவிறுத்து நின்றேன். மீன்கள் எப்படி வந்தன, அப்பா ஏன் சிரிக்கிறார், பேராசிரியர் ஏன் கோபித்துக்கொள்ளாமல் மோதகம் தின்கிறார், எதுவும் புரியவில்லை. மாசி மாதம் மட்டும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

கடைசியாகக் கோயில் ஊருணிக்கு வந்தோம். அங்கே படியில் ஈப்போ ஆச்சி நின்றுகொண்டிருந்தார். அவர் வீட்டு ஐயாவுக்கு மலேயாவில் ஈப்போவில் வியாபாரம். ஊருணிக்கு எதிரே இருக்கிற அவர்களுடைய பெரிய வீடு சில வருஷமாகப் பூட்டியே கிடந்தது. ஆச்சி சென்னையில் மகள் வீட்டில் இருந்தார். ஐயாவின் அறுபதாம் கல்யாணத்துக்காக அந்த வாரம்தான் வீட்டைத் திறந்திருந்தார்கள். கூட்டத்தைப் பார்த்து வந்தவர், சல்லடைக்குள் எட்டிப் பார்த்தார்.

“அடி ஆத்தி! இதுக இன்னமும் இருக்குகளா?” என்றார். நெடுநாள் பிரிந்த சொந்தத்தைப் பார்த்த குரல்.

பேராசிரியர் நிமிர்ந்தார். “உங்களுக்கு இந்த மீனைத் தெரியுமா, அம்மா?”

“எங்க வீட்டு மீனுங்க இது! அவுக கடைசியா வந்தப்ப ஈப்போலருந்து கண்ணாடித் தொட்டியோட கப்பல்ல கொண்டாந்தாக. வீட்டுக்குள்ள பட்டாலையில கொண்டாந்து வச்சுப்புட்டாக. சைவ வீட்டுல, சாமி கும்புடுற எடத்துல, மீனு ஓடுனா எங்க மாமியா சும்மா இருப்பாகளா? தொட்டி வெளிய போற வரைக்கும் பச்சத் தண்ணி பல்லுல படாதுன்னு உக்காந்துட்டாக. உசுரைக் கொல்லவும் மனசு வரல. நாந்தேன் இந்தப் படியில விட்டுட்டு மெட்ராசுக்கு ரயிலேறுனேன்.”

ஊர் மொத்தமும் ‘ஓ’ என்றது. நான் சல்லடையை இறுகப் பிடித்துக்கொண்டேன். கீழே விழாமல் இருக்க எனக்கு அது ஒன்றுதான் இருந்தது.

ஆச்சி நிறுத்தவில்லை. விருந்தாளிக்கு விளக்கமாகச் சொல்ல வேண்டும் என்ற நல்ல எண்ணம். “இந்தா, கலரா இருக்கே, இது ஆம்பளை. வவுறு உப்பிச் சாம்பலா இருக்கே, இதுதேன் பொம்பளை. மாசா மாசம் குட்டி போடும்னு அங்குட்டு மீன் கடைச் சீனர் சொன்னாராம். தம்பிக்குத் தெரியாததா? படிச்ச புள்ள, எல்லாம் சொல்லியிருக்குமே!”

என் ஆறு மாத ஆராய்ச்சி, இடைநிலை வடிவம், பின்தங்கிய பெண்ணினம், குட்டி போடும் அதிசயம், எல்லாம் அந்த ஒரு மூச்சில் முடிந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. தூசி விழுந்த மாதிரி துடைத்துக்கொண்டேன்.

கூட்டம் கலைந்ததும் பேராசிரியரிடம், “சார், உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா?” என்று கேட்டேன்.

“என் பல் டாக்டர் வெயிட்டிங் ரூம்ல தொட்டி நிறைய இதுதான் ஓடுது. நீ முதல் சல்லடையைத் தூக்கினப்பவே தெரியும்.”

“ஏன் சார் சொல்லவில்லை?”

“நீ இவ்வளவு அழகா விளக்கிக்கிட்டிருந்தே. நடுவுல எப்படிப்பா சொல்றது?”

அப்பா வந்து, மில்லில் சாப்பாடு ஏற்பாடு செய்திருப்பதாகப் பேராசிரியரை அழைத்தார். எனக்கு அதுதான் பெரிய அடியாக இருந்தது. தோற்ற கையோடு, தோற்றவன் அடைபடப் போகும் இடத்தையும் காட்டுகிறார்களே! காரில் சல்லடையை மடியில் வைத்துக்கொண்டு போனேன். மில் வாசலிலேயே தும்மல் ஆரம்பித்தது.

சாப்பிட்டு முடித்த பேராசிரியர் மில்லைச் சுற்றிப் பார்த்தார். அரிசி மூட்டைகள் அடுக்கிய இடத்தில் கறுப்பு வண்டுகள் ஊர்ந்தன. அவற்றின் மேலே பூச்சிமருந்துப் பொடி வெள்ளையாகத் தூவியிருந்தது. பேராசிரியர் அங்கேயே நின்றுவிட்டார்.

அப்பாவுக்குச் சங்கடமாகிவிட்டது. “முன்னல்லாம் இந்தப் பொடியைப் போட்டாக் கொத்துக் கொத்தாச் செத்து விழுகும்ங்க. இப்ப அதுலயே பொரண்டு வெளையாடுது. மருந்துலதேன் கலப்படம் பண்றாக போல” என்றார்.

“மருந்துல கலப்படம் இல்லாட்டி?” என்று பேராசிரியர் தமக்குத் தாமே முணுமுணுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். “கருப்பையா, மருந்துக்குச் சாகாத வண்டு எங்கேருந்து வந்தது?”

வாயைத் திறந்தேன். கொக்கு ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டேன். ஒரு பெரிய தும்மல் போட்டுவிட்டு, “தெரியாது, சார்” என்றேன்.

“இன்னைக்கு நீ சொன்ன முதல் உருப்படியான பதில் இதுதான்” என்றார் அவர். “மாசி பொறந்ததும் சென்னைக்கு வந்து சேர்ந்துக்கோ. இந்த வண்டுகளையும் கொண்டா.”

மில்லுக்குப் போகாமல் தப்பிக்கத்தான் ஆராய்ச்சிக்குப் போனேன். ஆராய்ச்சி என்னைப் பிடித்து மில்லுக்கே அனுப்பியது. எங்கள் மில்லில் மட்டுமல்ல, புதுவயலில் எந்த மில்லில் மருந்து பலிக்கவில்லையோ அங்கெல்லாம் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வண்டு பொறுக்கினேன். மருந்தில் தப்பிப் பிழைத்த வண்டு, அந்தத் திறமையைத் தன் பிள்ளைகளுக்கு எப்படிக் கொடுக்கிறது என்பதுதான் என் டாக்டர் பட்டம். அந்த மருந்து தண்ணீருக்கும் மண்ணுக்கும் போய் என்ன செய்கிறது என்பது அதற்குப் பிந்திய பிழைப்பு. பரிணாமம் என் வீட்டு அரிசி மூட்டையில்தான் நடந்துகொண்டிருந்தது. நான் அதைத் தும்மிக்கொண்டே தாண்டிப் போயிருந்தேன்.

ஆனால் வடக்கூருணிக்கும் புளியடி ஊருணிக்கும் மீன் எப்படிப் போனது என்பது மட்டும் தீராத குழப்பமாக இருந்தது. ஆச்சி ஓர் ஊருணியில்தானே விட்டார்? கௌரவத்துக்காக வடக்குத் தெருக்காரர்கள்தான் அள்ளிக்கொண்டு போயிருக்க வேண்டும் என்று தீர்மானித்தேன். (ஆதாரம் எதுவும் இல்லை. நான் அப்போதும் முழுதாகத் திருந்தியிருக்கவில்லை.) விதியைப் பாருங்கள், எனக்கு வாய்த்த பெண் வடக்குத் தெரு. கல்யாணமான நாளிலிருந்து, குழம்பில் காரம் கூடினாலும் பஸ் தவறிப் போனாலும், “மீனைக் கொட்டி என் மானத்தை வாங்கின தெருக்காரிதானே நீ” என்று ஆரம்பித்துவிடுவேன். அவளும், “எங்க தெருவுல எவரும் கொட்டல, கொட்டல, கொட்டல” என்று சண்டைக்கு வருவாள்.

எழுபதுகளில் ஓர் ஆடிப் பதினெட்டு. என் மனைவி பரிமாற, எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வழக்கம்போல நான் ஆரம்பித்தேன். அவள் கரண்டியை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. அப்பா இலையிலிருந்து தலை நிமிராமலே சொன்னார்.

“அந்தப் புள்ளைய ஏண்டா சும்மா சும்மா வையிற? நாந்தேன் கொட்டுனேன்.”

“எதை?”

“மீனை. ராத்திரியோட ராத்திரியா அண்டாவுல அள்ளி, நெல்லு ஏத்தப் போன லாரியில வச்சு, ரெண்டு ஊருணியிலயும் கொட்டுனேன். டிரைவரைத் தவிர ஒரு பயலுக்கும் தெரியாது.”

கையில் எடுத்த சோறு கையிலேயே நின்றது. “ஏன்ப்பா?”

“நீதானே சொன்னே, கோயில் ஊருணியிலதேன் இருக்கு, மத்ததுல ஒண்ணுகூட இல்லைன்னு. மெட்ராஸ்லருந்து அம்புட்டுப் பெரியவுக வாராக. மத்த ரெண்டுலயும் வெறுஞ் சல்லடையத் தூக்குனா எம்மகனுக்கு என்ன மருவாதி? மூணுலயும் துள்ளுனா சேத்துக்குவாகன்னு நெனச்சேன்.”

கையில் இருந்த சோற்றை இலையில் வைத்தேன். “நான் மில்லுக்கு வரணும்னுதானே நீங்க நெனச்சீக?”

“நெனச்சேன். இப்பவும் நெனைக்கிறேன். அதுக்காக ஊருக்கு முன்னால எம்மகன் தோக்கணும்னா நெனைப்பேன்?” என்றார். பிறகு என் மனைவி பக்கம் திரும்பி, “நீ மோரை ஊத்து ஆத்தா” என்றார்.

அவள் மோர் ஊற்றவில்லை. சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். அம்மாவும் சேர்ந்துகொண்டாள். நான் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் கொஞ்சம் செய்தேன். அன்றைக்கு வடக்கூருணிக் கரையில் அப்பா முகத்தில் இருந்தது, தன் வேலை பலித்த சந்தோஷம். அதை இத்தனை வருஷமும் எத்தனை கேவலமாகப் புரிந்துகொண்டிருந்தேன் என்று நினைக்க வெட்கமாக இருந்தது. என் ஆராய்ச்சியை ஆச்சி பாதிதான் கெடுத்தார். மீதியை என் அப்பா, என்மேல் வைத்த ஆசையில் கெடுத்திருக்கிறார்.

அப்பா போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. அவர் சொன்ன அந்த வார்த்தை மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை. நல்லது செய்கிறேன் என்று யாராவது எதையாவது கெடுத்து வைத்தால், எங்கள் வீட்டில் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் கிடையாது. நேற்று ரசம் உப்புக் கரித்தது. ஒரு வாய் வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தேன். அவள் உப்புப் போட மறந்திருப்பாள் என்று நான் ஒரு கை போட்டிருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவளும் நெஞ்சில் கை வைத்தாள். இருவரும் ஒரே குரலில் சொன்னோம்: “நாந்தேன் கொட்டுனேன்.”